வண்டி முகவருக்கு, வழித்தடம் நிறுவனத்துக்கு

முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமான அமெரிக்காவில், மோட்டார் வாகனப் பட்டறையில் வேலைக்குச் சேரும் மெக்கானிக் பெரும்பாலும் தனக்கு வேண்டிய ஸ்பானர், ரேட்சட், சாக்கெட் அனைத்தையும் தன் சொந்தப் பணத்தில் வாங்கியாக வேண்டும். வண்டியைத் தூக்கும் லிஃப்ட் பட்டறை உரிமையாளருடையது. கைக்கருவிகளும் அவற்றை வைக்கும் பெட்டியும் தொழிலாளியுடையவை. உற்பத்திச் சாதனத்தின் ஒரு பகுதியைத் தொழிலாளியின் தலையிலேயே கட்டிவிடும் இந்த வழக்கத்தின் மீது ஒரு பெரும் வணிகம் எழுந்து நிற்கிறது.

ஸ்நாப்-ஆன், மாட்கோ, மேக் டூல்ஸ், கார்ன்வெல் ஆகிய நான்கும் இவ்வணிகத்தில் முதன்மையான பெயர்கள். கருவிகள் அடுக்கப்பட்ட பெரிய வண்டி ஒன்று வாரந்தோறும் குறித்த நாளில் பட்டறை வாசலுக்கு வருகிறது. மெக்கானிக் வண்டியில் ஏறி, வேண்டிய கருவியை எடுத்துக்கொண்டு, பழைய கடனுக்கான வாரத் தவணையைக் கொடுத்துவிட்டு இறங்குகிறார். வண்டியின் மேல் நிறுவனத்தின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வண்டியை ஓட்டி வந்தவர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல. அவர் ‘சுதந்திரத் தொழில்முனைவர்’ என்று ஒப்பந்தம் சொல்கிறது. இந்தச் சுதந்திரம் எத்தகையது என்பதைப் பரிசீலிக்க வேண்டும்.

எல்லைக்கோட்டை வரைவது யார்?

முகவர் எந்தத் தெருவுக்குப் போகலாம், எந்தப் பட்டறையில் நிற்கலாம் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. நிறுவனம் தயாரித்த வாடிக்கையாளர் பட்டியலும் விற்பனை எல்லையும் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. பக்கத்துப் பட்டறையில் ஒருவர் கருவி கேட்டு நின்றாலும், அது பட்டியலில் இல்லையென்றால் அவருக்கு விற்க முகவருக்கு உரிமை இல்லை. தன் வழித்தடத்தில் இரண்டு பட்டறைகள் மூடப்பட்டால் அந்த இழப்பு அவருடையது. கடன் வாங்கிய மெக்கானிக் வேலை மாறி வேறொரு முகவரின் எல்லைக்குப் போய்விட்டால், வாடிக்கையாளரை இழப்பதோடு நிலுவையை வசூலிக்கும் பாடும் இவருக்கே வந்து சேர்கிறது.

எல்லை என்பது முகவருக்குப் பாதுகாப்புதானே, வேறொரு வண்டி வந்து அவருடைய வியாபாரத்தைக் கெடுக்காதே என்று கேட்கப்படலாம். ஓரளவு உண்மைதான். நல்ல வழித்தடம் வாய்த்து நன்றாகச் சம்பாதிக்கும் முகவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு முகவரின் உடைமை அல்ல, நிறுவனம் கொடுத்துவைத்திருப்பது. இணையம் உள்ளிட்ட பிற வழிகளில் விற்கும் உரிமையை நிறுவனங்கள் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் பனியிலும் சென்று முகவர் வளர்த்த நம்பிக்கை, ஒப்பந்தம் முடிந்த மறுநாள் நிறுவனம் அனுப்பும் புதிய வண்டிக்குச் சொந்தமாகிவிடுகிறது.

சுமை யாருக்கு, வட்டி யாருக்கு?

சரக்கை முகவர் முன்கூட்டியே விலை கொடுத்து வாங்குகிறார், பெரும்பாலும் கடனில். அந்தக் கடனை நிறுவனத்தின் நிதிப் பிரிவே கொடுக்கக்கூடும். வண்டிக்கான தவணை, டீசல், காப்பீடு, பழுதுச் செலவு எல்லாம் அவர் பொறுப்பு. மெக்கானிக்குகளுக்கு வட்டியில்லாமல் வாரத் தவணையில் அவர் கொடுக்கும் சிறு கடன்கள் அவருடைய சொந்தப் பணம். வாராக்கடனானால் அவருடைய நட்டம். ஆயுட்கால உத்தரவாதம் உள்ள கருவி உடைந்தால், வாசலில் நின்று மாற்றிக் கொடுப்பதும் ரேட்சட்டைப் பிரித்துப் பழுது பார்ப்பதும் அவர் வேலை. காய்ச்சலில் படுத்தால் அந்த வாரம் வசூல் இல்லை. ஆனால் அவர் கட்ட வேண்டிய தவணை நிற்பதில்லை.

மறுபக்கம், பெரிய கருவிப்பெட்டி, மின்னணுச் சோதனைக் கருவி போன்ற விலையுயர்ந்த பொருட்களுக்கு மெக்கானிக் வாங்கும் கடன் நிறுவனத்தின் நிதிப் பிரிவுக்கு வட்டியோடு போகிறது. 2023ஆம் ஆண்டில் ஸ்நாப்-ஆன் நிறுவனத்தின் விற்பனை சுமார் 473 கோடி டாலர். நிகர லாபம் 101 கோடி டாலர். அதே ஆண்டில் அதன் நிதிப் பிரிவு ஈட்டிய வருவாய் சுமார் 37.8 கோடி டாலர். அதில் 27 கோடி டாலர் செயல்பாட்டு லாபம். ஸ்பானர் விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் நிறுவனம், கடன் கொடுத்து எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பட்டறைத் தொழிலாளியின் கூலியிலிருந்து வாரந்தோறும் ஒரு துண்டு கழிகிறது. அதை வசூலித்துக் கொண்டுவரும் வேலையைச் சம்பளமில்லாத ஒருவர் ‘முதலாளி’ என்ற பட்டத்தோடு செய்கிறார். உழைப்பாளியைக் கொண்டே உழைப்பாளியைச் சுரண்டும் இடைத்தரகு முறையை மார்க்ஸ் மூலதன நூலின் முதல் தொகுதியில் விளக்கியிருக்கிறார். அது பழைய நூற்றாண்டோடு ஒழிந்துவிடவில்லை, வண்டியில் ஏறிக்கொண்டது.

சட்டம் எந்தப் பக்கம் நின்றது?

இது தற்செயலாக நிகழ்ந்ததல்ல. 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லாஸ் ஏஞ்சலிஸ் தெருமுனைகளில் ஹெர்ஸ்ட் நிறுவனத்தின் பத்திரிகைகளை விற்றவர்கள் தொடர்பாக ஒரு தீர்ப்பு வழங்கியது. குறித்த இடத்தில் நின்று, பத்திரிகையை வாங்கி விற்ற அவர்களும் ஊழியர்களே, அவர்களுக்கும் கூட்டுபேர உரிமை உண்டு என்றது அது. மூன்றே ஆண்டுகளில், 1947இல், டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தின் மூலம் ‘சுதந்திர ஒப்பந்ததாரர்கள்’ தொழிற்சங்கச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து வெளியே தள்ளப்பட்டார்கள். எஞ்சியிருந்த கதவை முதலாளிகளின் நாடாளுமன்றம் இவ்வாறு அடைத்தது.

விற்பனை எல்லைப் பிரச்சினையும் நீதிமன்றம் ஏறியது. ஸ்நாப்-ஆன் தன் முகவர்கள் மீது விதித்த எல்லைக் கட்டுப்பாடுகள் போட்டிக்கு எதிரானவை என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் உத்தரவிட்டது. 1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1967இல் ஷ்வின் மிதிவண்டி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், விற்றுவிட்ட சரக்கின் மீது இத்தகைய எல்லை விதிப்பதே சட்டவிரோதம் என்றது. பத்தே ஆண்டுகளில், 1977இல், சில்வேனியா வழக்கில் தன் தீர்ப்பைத் தானே கைவிட்டது. நிறுவனம் முகவரின் எல்லையை வரைந்தால் அது ‘வணிகத் திறன்’. வாங்கும் விலை குறைய வேண்டுமென்று முகவர்கள் ஒன்றுகூடிக் கேட்டால், அவர்கள் ஊழியர்கள் அல்லர் என்ற காரணத்தால், அதுவே போட்டிச் சட்டத்தை மீறிய கூட்டுச்சதியாகிவிடலாம். இதற்குப் பெயர் சட்டத்தின் முன் சமத்துவமாம்!

ஒப்பந்தத்தில் தெரிந்தே கையெழுத்திட்டவர்தானே என்பது நிறுவனங்களின் வாதம். 1979 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி நிறுவனம் விவரங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது மெய். ஆனால் நிபந்தனையைப் படிக்கக் கொடுப்பது வேறு. நிபந்தனையை மாற்றும் பலம் இருப்பது வேறு. தனிமனிதர் ஒருவர் தன் சேமிப்போடு ஒரு பக்கமும், பங்குச்சந்தை நிறுவனம் தன் வழக்கறிஞர் படையோடு மறுபக்கமும் அமர்ந்து செய்துகொள்வதைச் சுதந்திர ஒப்பந்தம் என்று அழைப்பது ஏமாற்று.

ஆனாலும் முகவர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. ஸ்நாப்-ஆன் முகவர்கள் தொடுத்த வழக்குகளைத் தீர்த்துக்கொள்வதற்காக 2006இல் அந்நிறுவனம் 3.8 கோடி டாலரைச் செலவாகக் கணக்கில் எழுதியது. 2018இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் டைனமெக்ஸ் வழக்கில், ஒருவர் ஊழியர் அல்லர் என்று நிரூபிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மீதே சுமத்தியது. மறுஆண்டு, தாங்களும் ஊழியர்களே என்று கோரி மாட்கோ மீது அம்மாநிலத்தில் கூட்டு வழக்குத் தொடரப்பட்டது. செயலி நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 2020இல் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி, கலிஃபோர்னியாவில் வாக்கெடுப்பின் மூலம் செயலி ஓட்டுநர்களை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டன.

இந்தியத் தொழிலாளிக்கு இதில் என்ன பாடம்?

கருவி வண்டி இங்கில்லை. ஆனால் அதன் ஒப்பந்தம் இங்கு வந்து வெகுநாளாகிவிட்டது. உணவு கொண்டுசெல்பவர் இங்கே ‘பார்ட்னர்’. பைக் அவருடையது, பெட்ரோல் அவருடையது, விபத்தும் அவருடையது. எந்தத் தெருவுக்குப் போவது, எத்தனை ரூபாய் கிடைக்கும் என்பதைச் செயலி சொல்கிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கிக் தொழிலாளியை, மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே வரையறுக்கிறது. நிறுவனத்தின் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நிதி கட்டச் சொல்லிவிட்டு, குறைந்தபட்ச ஊதியத்தையும் கூட்டுபேர உரிமையையும் கேட்கும் வாயை அடைக்கிறது.

எல்லை பிரித்துக் கொடுக்கப்பட்டு ஊர் ஊராகச் செல்லும் விற்பனைத் தொழிலாளருக்கு வேறொரு பாதையும் உண்டு என்பதை இந்த மண் காட்டியிருக்கிறது. சிகாகோ நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்ற அதே 1963இல்தான், ஹைதராபாத்தில் மருந்து மற்றும் விற்பனைப் பிரதிநிதிகளின் அகில இந்திய சம்மேளனம் உருவானது. தனித்தனியே பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள் சங்கமானார்கள். போராடி, 1976இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டத்தைப் பெற்றார்கள். அந்தச் சட்டத்தைத்தான் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் தொகுப்புகள் விழுங்கியிருக்கின்றன.

ஆகவே கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதல்ல அளவுகோல். வழித்தடத்தை வகுப்பவர் யார், வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதே அளவுகோல். அந்த அதிகாரம் எவரிடம் உள்ளதோ அவரே முதலாளி. கூலியும் காப்பீடும் ஓய்வும் தரும் கடமை அவருக்கே. உழைப்பவருக்குச் சூட்டப்படும் ‘பார்ட்னர்’, ‘முனைவர்’ என்னும் பட்டங்கள் எதுவாயினும், அவருக்குச் சங்கம் வைக்கவும் பேரம் பேசவும் உரிமை வேண்டும். வேலைக்கு வேண்டிய கருவியை வேலை வாங்குபவரே தர வேண்டும். கென்டக்கியில் பட்டறை வாசலில் காத்து நிற்கும் முகவருக்கும், உள்ளே தவணையை எண்ணிக் கொடுக்கும் மெக்கானிக்குக்கும், பெங்களூரு மழையில் நனையும் இளைஞருக்கும் இது பொதுவான போராட்டம்.