பாக்டீரியா சும்மா உழைக்காது

இயற்கை வேளாண்மைக் கூட்டம் எதற்குப் போனாலும் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்: "காற்றிலே 78 சதவீதம் நைட்ரஜன் கொட்டிக் கிடக்கிறது. மண்ணில் நுண்ணுயிரைப் பெருக்கிவிட்டால் அதுவே பயிருக்குப் பிடித்துக் கொடுத்துவிடும். உரம் எதற்கு?" உடனே கைதட்டல் எழும். சுபாஷ் பாலேக்கர் பரப்பிய செலவில்லா வேளாண்மை 2019 மத்திய பட்ஜெட் உரையிலேயே இடம்பெற்ற பிறகு, இந்தப் பேச்சுக்கு மவுசு இன்னும் கூடிவிட்டது.

யூரியாவைக் கண்மண் தெரியாமல் கொட்டுவது தவறு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனை, அதாவது தழைச்சத்தைப் பிடிப்பதும் உண்மை. ஆனால் அந்த வேலைக்குக் கூலி உண்டு. அதைச் சர்க்கரையாகவோ மாவுச்சத்தாகவோ யாராவது கொடுத்தாக வேண்டும். மேடைப் பேச்சு விட்டுவிடுவது இந்தக் கூலிக் கணக்கைத்தான். அதைச் சேர்த்துக்கொண்டு கூற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "காற்றில் இவ்வளவு இருக்கும்போது பஞ்சம் ஏது?"

ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு மேலே நிற்கும் காற்றில் 75,000 டன்னுக்குக் குறையாமல் நைட்ரஜன் உண்டு. ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. இலையாலும் வேராலும் அதைப் பிரிக்க முடியாது. 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் பிரித்துக் காட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் கார்ல் போஷ் அதைத் தொழிலாக்கினார். அதற்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தமும் தேவைப்பட்டன.

இதே வேலையைச் சில பாக்டீரியாக்கள் மண்ணின் வெப்பத்திலேயே முடிக்கின்றன. நைட்ரஜனேஸ் என்ற நொதி அவற்றிடம் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்க உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகள் 16 செலவாகின்றன, உணவை எரித்துத்தான் ஏ.டி.பி.யைச் சேர்க்க முடியும். போதாததற்கு, ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுப்போகும். அதைக் காப்பாற்றவும் உணவு எரிய வேண்டும். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் திறமையே கிடையாது. ஆகவே நுண்ணுயிர் எத்தனை கோடி என்று எண்ணிச் சொல்வதால் மட்டும் பயனில்லை.

2. "ஜீவாமிர்தம் விட்டால் போதும், ஒரு நாட்டு மாடு 30 ஏக்கருக்குக் காணும்"

பாலேக்கர் முறையின் நுண்ணுயிர்க் கரைசல்தான் ஜீவாமிர்தம். அதன் அளவு எல்லோருக்கும் மனப்பாடம்: ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் மூத்திரம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். இதில் தழைச்சத்து எவ்வளவு? பச்சைச் சாணத்தில் 30, 40 கிராம். மூத்திரத்தில் ஏறக்குறைய 100 கிராம். பயறு மாவில் 70 கிராம். எல்லாம் சேர்த்து 200 கிராம் தேறும். 120 நாள் நெல்லுக்கு 15 நாளுக்கு ஒரு முறை விட்டாலும் மொத்தம் 1.6 கிலோதான். மூன்றரைக் கிலோ யூரியாவில் இருப்பது இவ்வளவுதான்.

ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 40 மூட்டை எடுக்க, நெல்லும் வைக்கோலுமாகப் பயிர் உறிஞ்சும் தழைச்சத்து சுமார் 40 கிலோ. மீதியைப் பாக்டீரியா பிடித்துத் தரும் என்பார்கள். சரி, அதன் கூலியைப் பார்ப்போம். மண்ணில் தனித்து வாழும் அசோட்டோபாக்டர் ஒரு கிராம் சர்க்கரையைத் தின்று 10 முதல் 20 மில்லிகிராம் நைட்ரஜனைப் பிடிக்கும். இரண்டு கிலோ வெல்லம் முழுவதையும் அதுவே தின்றாலும் தருவது 20 முதல் 40 கிராம். 40 கிலோ வேண்டுமென்றால் ஏக்கருக்கு இரண்டு முதல் நான்கு டன் வெல்லம் கரைக்க வேண்டும். உண்மையில் அந்த வெல்லத்தில் பெரும்பங்கை நைட்ரஜன் பிடிக்கத் தெரியாத மற்ற நுண்ணுயிர்களே முந்திக்கொண்டு தின்றுவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூத்திரத்திலிருந்து அம்மோனியம் தயாராகக் கிடைக்கும்போது, நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியா அந்த வேலையை நிறுத்திவிடும். இருப்பதை எடுத்துக்கொள்வது அதற்கு மலிவு.

3. "காட்டுக்கு யார் உரம் போடுகிறார்கள்?"

காட்டில் யாரும் அறுவடை செய்வதில்லை. விழுந்த இலையும் செத்த மரமும் அங்கேயே மக்குகின்றன. அதிலிருக்கும் நைட்ரஜனைப் பாக்டீரியா அம்மோனியமாக்கி அதே வேருக்குத் திருப்புகிறது. வயலில் அப்படியில்லை. 40 மூட்டை நெல் களத்துமேட்டைத் தாண்டும்போது 25 கிலோவுக்கு மேல் தழைச்சத்தும் கூடவே போய்விடுகிறது. சென்னையில் உண்ட சோற்றின் நைட்ரஜன் திருவாரூர் வயலுக்குத் திரும்பி வருவதில்லை. காடு தன்னிடம் இருப்பதையே சுற்றவிடுகிறது. வயலோ ஆண்டுதோறும் வெளியே அனுப்புகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறையல்ல.

4. "யூரியா மண்ணின் நுண்ணுயிரைக் கொன்றுவிடும்"

யூரியாவை அம்மோனியமாக உடைப்பதே மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதிதான். அதைத் தருவதில் பெரும்பங்கு நுண்ணுயிர்களுக்கு. அந்த அம்மோனியத்தை நைட்ரோசோமோனாஸ் நைட்ரைட் ஆக்குகிறது, நைட்ரோபாக்டர் அதை நைட்ரேட் ஆக்குகிறது. இவற்றுக்கு அம்மோனியமும் நைட்ரைட்டும்தான் ஆகாரம். உரமிட்டுப் பயிர் செழித்தால் வேரும் தாளும் கூடும், நுண்ணுயிர்க்கு உணவும் கூடும்.

ஆனால் யூரியாவைக் குற்றமற்றது என்றும் விட முடியாது. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது மண் புளிக்கிறது; புளிப்பு மிஞ்சினால் நுண்ணுயிர் குறைவது உண்மைதான். உரம் அதிகமானால் பயறு வகைகளில் வேர்முடிச்சு சரியாகக் கட்டாது. நெல்வயலில் போட்ட யூரியாவில் பாதிக்கும் குறைவே பயிருக்குப் போகிறது என்பதும் உண்மை. மீதி எங்கே போகிறது என்பதிலும் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு. அடுத்த கூற்றைப் பாருங்கள்.

5. "நுண்ணுயிர் எல்லாமே உழவனின் தோழன்"

வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டினால் என்ன ஆகிறது? காய்ந்தபோது உருவான நைட்ரேட், தண்ணீர் நின்று மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறொரு கூட்டத்திடம் மாட்டுகிறது. சூடோமோனாஸ் போன்றவை ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் அது காற்றுக்கே திரும்பிவிடுகிறது. நைட்ரஸ் ஆக்சைடு பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 270 மடங்கு வலியது. சாணத்திலிருந்து வந்த நைட்ரேட்டா, மூட்டையிலிருந்து வந்ததா என்று இந்தப் பாக்டீரியா பார்ப்பதில்லை. நம் நாட்டில் 2015 முதல் யூரியாவுக்குக் கட்டாயமாக வேப்பெண்ணெய் பூசுவதன் வேளாண் காரணம் இதுதான்: நைட்ரோசோமோனாஸின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவது.

6. "இடையில் ஒரு பயறு போட்டால் தீர்ந்தது"

இது பாதி உண்மை, அந்தப் பாதி மிக அருமையான உண்மை. 1888இல் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் பிரித்தெடுத்த வேர்முடிச்சு பாக்டீரியாவுக்கு வெல்லம் கரைக்க வேண்டியதில்லை. செடியே இலையில் செய்த சர்க்கரையை வேருக்கு அனுப்பிக் கூலி கொடுத்துவிடுகிறது. ஒரு தட்டைப்பயறுச் செடியை மண் உதிராமல் பிடுங்கி, முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்து ஹீமோகுளோபினின் உறவான ஒரு பொருள், நைட்ரஜனேஸை ஆக்சிஜன் அண்டாமல் காப்பதன் நிறம் அது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் வேலை இல்லை.

ஆனால் காவிரி டெல்டாவில் சம்பா அறுப்புக்கு முன் விதைக்கும் உளுந்து, பிடித்த தழைச்சத்தில் பெரும்பகுதியைப் பருப்பில் ஏற்றிவிடுகிறது. பருப்பு சந்தைக்குப் போகும், செடியும் மாட்டுக்குப் போனால் மண்ணுக்கு மிஞ்சுவது கொஞ்சம். முழுப் பலன் வேண்டுமென்றால் தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். நல்ல பயிராக இருந்தால் ஏக்கருக்கு 25 முதல் 40 கிலோ தழைச்சத்து கிடைக்கும். அதற்கு விதைச் செலவு உண்டு, தண்ணீர் உண்டு, உழவு உண்டு, ஒன்றரை மாதம் நிலம் வேறு வருமானமின்றிக் கிடக்கவும் வேண்டும்.

7. "ஒன்றும் போடாமலே விளைகிறதே!"

விளையும். நெல்வயலில் நிற்கும் தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி வெயிலைக் கொண்டே நைட்ரஜனைப் பிடிக்கிறது, 1939இலேயே பி.கே. டே இதை எழுதிவிட்டார். அசோலாவுக்குள் குடியிருப்பதும் இதே இனம். இதில் ஏக்கருக்கு ஒரு போகத்தில் சுமார் 10 கிலோ வரலாம். மண்ணின் மட்கிலிருந்து இன்னொரு 10 கிலோ. ஆக, ஒரு டன்னுக்குச் சற்று மேலே நெல் கிடைக்கும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843 முதல் உரமே போடாமல் கோதுமை விதைக்கும் நிலத்துண்டு ஒன்று இருக்கிறது. அது மலடாகவில்லை, ஆனால் ஹெக்டேருக்கு ஒரு டன் அளவிலேயே நின்றுவிட்டது.

பாரம்பரிய ரகத்தை நல்ல விலைக்கு விற்பவருக்கு அந்த விளைச்சல் கட்டுபடியாகலாம். நாட்டுக்கே சோறு போட அது காணாது. இலங்கையில் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். ஈடான இயற்கை உரம் கையில் இல்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தியும் அந்தப் பெரும்போக நெல் கடுமையாகச் சரிந்தது.

நன்றாக விளைவிக்கும் இயற்கை விவசாயிகளின் வயலைக் கூர்ந்து பாருங்கள். வண்டி வண்டியாகத் தொழுவுரம், கோடையில் ஏரி வண்டல், ஆண்டு தவறாத பசுந்தாள், கிடை போட்ட ஆடு என ஏதாவது இருக்கும். உழைப்பு அவர்களுடையது, பெயரைத் தட்டிக்கொண்டு போவது 200 லிட்டர் ஜீவாமிர்த டிரம்.

அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "40 மூட்டைக்கு வேண்டிய 40 கிலோவில் எத்தனை கிலோ, எந்த வழியில் வருகிறது?" பதிலில் பசுந்தாளும் தொழுவுரமும், பற்றாக்குறைக்கு, இலையின் பச்சையை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துப் போடும் அளவான யூரியாவும் வந்தால் உட்கார்ந்து கேளுங்கள். "நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.