விசாரிக்க ஆளில்லாத வறட்சி

பேருந்து நிலையச் சுவர், லாட்ஜ் வாசல், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் டி.வி... எங்கே திரும்பினாலும் 'ஆண்மைக் குறைவா?' என்று யாராவது ஒரு வைத்தியர் விசாரித்துக்கொண்டே இருக்கிறார். பெண்ணுக்கு வரும் பிறப்புறுப்பு வறட்சியை விசாரிக்கத்தான் ஆளில்லை. அப்படி ஒன்று இருப்பதையே பலர் இப்போதுதான் முதல்முறையாகப் படிப்பார்கள்!

இத்தனைக்கும் இது அபூர்வ வியாதி அல்ல. மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருவது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையும்போது உறுப்பின் உட்சுவர் மெலிந்து ஈரப்பசை போகிறது. அங்கே அமிலத்தன்மையைக் காத்துவந்த நல்ல பாக்டீரியாக்களும் குறைகின்றன. விளைவு? எரிச்சல், அரிப்பு, உறவின்போது வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு.

'வயசானா அப்படித்தான்' என்று தள்ளிவிடவும் முடியாது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் இளம் தாய்க்கும், சினைப்பைகளை எடுத்துவிட்டவருக்கும், மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கும் இது வரலாம்.

நம் வீடுகளில் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'உடம்புச் சூடு'. இளநீரும் நீர்மோரும் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் ஹார்மோன் குறைவால் வந்த வறட்சி அவற்றால் தீராது. டாக்டரிடம் போனாலும் 'நீர்க்கடுப்பு' என்று மட்டும் சொல்லி, ஆன்டிபயாடிக் வாங்கிவந்து, சில மாதத்தில் மறுபடியும் அதே வரிசையில் உட்கார வேண்டியதுதான். வலிக்குப் பயந்து மனைவி விலகினால், 'இவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லை' என்று கணவன் முடிவு கட்டுகிறான். சொல்லாத ஒரு வலி எத்தனை கட்டில்களைப் பிரித்திருக்கும்?

மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீர் திடீரென்று வியர்த்துக் கொட்டுமே, அது பெரும்பாலும் சில வருடங்களில் அடங்கிவிடும். இந்த வறட்சி அப்படியல்ல. கவனிக்காமல் விட்டால் தானாகச் சரியாகாது, கூடவும் செய்யும். பொறுத்துக்கொள்வதில் ஒரு பலனும் இல்லை.

செய்ய வேண்டியவை எளிமையானவை. உள்ளே சோப்பு, வாசனைத் திரவம் போட்டுக் கழுவுவதை நிறுத்த வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று முறை இதற்கென்றே உள்ள ஈரப்பத ஜெல், உறவின்போது வழுவழுப்பு ஜெல். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை கிழியும்.

இதில் தீராவிட்டால் டாக்டர் எழுதித்தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது. 2002-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் பரவியது. ஆனால் அந்த ஆய்வு பார்த்தது விழுங்கும் மாத்திரைகளை. உள்ளே தடவும் க்ரீமிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகவும் குறைவு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் அந்த டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்டிவிட வேண்டும்.

சுகர், பிரஷர் பார்க்க வரும் ஐம்பது வயது அம்மாவிடம் டாக்டரே முந்திக்கொண்டு 'அங்கே வறட்சி, எரிச்சல் இருக்காம்மா?' என்று கேட்டால் என்ன? அரை நிமிடம்கூட ஆகாது. அவராக வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தால், அவர் கடைசிவரை திறக்கவே மாட்டார்.