முப்பத்தைந்துக்குக் கீழே யார்?

“மலையகப் பிள்ளைக்குக் கணக்கு வராது!” என்கிறார்கள். சொல்வோர் யார்? படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், வருந்துவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சொல்பவர்கள்.

வராதா? கொழுந்து நிறுக்கும் இடத்திற்கு வாருங்கள், காட்டுகிறோம். சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், நிறை எட்டவில்லை என்று அரைப்பேர் விழுந்த நாள்கள் எத்தனை, முற்பணத்தில் பிடித்தது எவ்வளவு என்று சம்பளத் துண்டை மனக்கணக்காலேயே சரிபார்க்கும் தாய் அங்கே நிற்கிறாள். அவள் பெற்ற பிள்ளைக்கா கணக்கு வராது? வருகிறது, ஐயா! வந்த கணக்குக்குப் புள்ளி வரவில்லை என்பதே வழக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. 6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 4 பேர் எத்தனை நாளில் முடிப்பர்? பிள்ளை எழுதுகிறான்: மொத்த வேலை 60 ஆள்நாள். அதை 4 ஆல் வகுக்கவேண்டும். வகுக்கையில் கை தவறி 16 என்று எழுதிவிடுகிறான். ஆட்கள் குறைந்தாலும் வேலையின் அளவு மாறாது என்பதுதான் இக்கணக்கின் உயிர்நாடி. அதை அவன் கண்டுவிட்டான். எனினும் பக்கம் முழுவதும் ஒரே சிவப்புக் கோடு, புள்ளி பூச்சியம்! பக்கத்து வாங்கில் இருப்பவன் எவனுடைய தாளையோ பார்த்து 15 என்று மட்டும் எழுதுகிறான். அவனுக்கு முழுப் புள்ளி. இது மதிப்பீடா, மோசடியா?

பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித் திட்டமே படிமுறைக்குப் புள்ளி வழங்குகிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் படிக்குப் படி புள்ளி உண்டு. ஆனால் பதினோராம் ஆண்டுவரை ‘விடை சரியா, பிழையா’ என்று மட்டுமே திருத்தப்பட்ட பிள்ளை, படிகளை எழுதவேண்டும் என்பதையே அறியாமல் பரீட்சை மண்டபத்துள் நுழைகிறான். ஆசிரியரைக் கூண்டில் ஏற்ற நாம் வரவில்லை. வேறு பாடத்துக்குப் பயிற்சி பெற்றவரைக் கணிதம் கற்பிக்கச் சொல்லி, நாற்பது கொப்பியையும் திருத்தச் சொன்னால், அவர் இறுதி விடையைப் பார்ப்பார், கோடு போடுவார், வேறென்ன செய்வார்? அவரை அங்கே தனியே நிறுத்தியவர்களையே கேட்கிறோம்.

அந்தச் சிவப்புக் கோட்டின் விலை என்ன தெரியுமா? சாதாரண சித்திக்கு 35 புள்ளி. கணிதத்தில் அது இல்லையேல் உயர்தர வகுப்பின் வழக்கமான துறைகளுக்குக் கதவு அடைப்பு. பதினாறு வயதில் தீர்ப்பு! பிறகு கொழும்பில் கடைச் சிப்பந்தி வேலை, அல்லது தாய் நின்ற அதே நிரையில் கூடை.

நாட்டின் வரலாற்றைப் பாருங்கள். 1945-இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பிள்ளையோ லயத்தருகே ஒற்றை அறைப் பள்ளியிலேயே நின்றான். 1948-இல் குடியுரிமை போயிற்று. 1970-களில்தான் தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியது. அதே காலத்தில் வந்தது ‘தரப்படுத்தல்’. 1971 பல்கலைக்கழக அனுமதியில் பொறியியலுக்குத் தமிழ்மொழி மாணவனுக்கு 250 புள்ளி, சிங்களமொழி மாணவனுக்கு 227! விடைத்தாளில் உள்ளதை அன்றி, விடை எழுதிய மொழியை அளந்தார்கள். வடக்கு கொதித்தது, நியாயமே. ஆனால் அந்த 250-ஐ எட்டிப்பார்க்கும் வாசற்படிகூட மலையகத்துக்கு அன்று இல்லை என்பதை எத்தனை மேடைகள் பேசின?

இன்று மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. பதுளையைப் பின்தங்கிய மாவட்டம் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. நன்று! உயர்தரத்தின் முடிவில் கைகொடுப்பவர்களே, சாதாரண தரத்தின் வாசலில் விழுந்த பிள்ளையை எந்த ஒதுக்கீடு தூக்கும்? நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பதுளையின் பெயரால் ஏறிச் செல்ல, தோட்டத்துப் பிள்ளை கீழே நின்று பார்ப்பதற்குப் பெயர் சமநீதியா?

“அப்படியானால் சித்திப் புள்ளியை இவர்களுக்கு மட்டும் குறைத்துவிடலாமே” என்று சில பெரியவர்கள் பரிவு காட்டுகிறார்கள். வேண்டாம் அந்தப் பிச்சை! 35 அப்படியே இருக்கட்டும். 35-ஐப் பெறும் வழியைக் காட்ட ஆளை அனுப்புங்கள்.

கணக்கில் தவறியவர் யார் என்று மீரியபெத்தையைக் கேளுங்கள். அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று 2005-இலும் 2011-இலும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. சாய்வு தெரியும், மழை தெரியும், லயங்கள் எங்கே என்பதும் தெரியும். 2014 அக்டோபர் 29 காலை மலை இறங்கியது. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்களுள் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடுமில்லை, பெற்றோருமில்லை. மாண்டவர் எத்தனை பேர் என்பதையாவது சொன்னார்களா? நூற்றுக்கணக்கில் என்று தொடங்கிய எண் நாளுக்கு நாள் சுருங்கியது. லயத்தில் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்ற கூட்டல் கணக்கே தோட்டத்திடமும் இல்லை, அரசிடமும் இல்லை! விடை கையில் இருந்தும் ஒன்பது ஆண்டு எழுதாத இவர்களுக்கு எத்தனை புள்ளி? இவர்களது விடைத்தாளில் சிவப்புக் கோடு போட்டவர் யார்?

உழவர் பெருமக்களே, அலுவலகங்களில் பேனா பிடிப்போரே! உங்கள் ஊர்ப் பாடசாலைக்குச் செல்லுங்கள். பிள்ளையின் கணிதக் கொப்பியைத் திறந்து, பிழையான விடைக்கு மேலே உள்ள வரிகளில் ஆசிரியரின் கை பட்டிருக்கிறதா என்று பாருங்கள். படவில்லையேல் அதிபரிடம் பணிவாகக் கேளுங்கள். பதில் இல்லையேல் வலயக் கல்விப் பணிமனையில் உரக்கக் கேளுங்கள். ஊவா மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் நாம் கேட்பது ஒரு பட்டியல். பதுளை மாவட்டத் தமிழ்ப் பாடசாலை ஒவ்வொன்றிலும் கணிதத்துக்கென்றே பயின்ற ஆசிரியர் எத்தனை பேர், வெற்றிடம் எத்தனை, எத்தனை மாதமாக வெற்றிடம் என்பதைப் பாடசாலைப் பெயரோடு எழுதி, பிள்ளைகளின் பெறுபேறு வெளியாகும் அதே நாளில், அதே சுவரில் ஒட்டட்டும்.