செய்தவன் பெயர் எங்கே?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கல் பேசும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது யாருடைய பெயரைப் பேசுகிறது என்று நாம் கேட்டிருக்கிறோமா?

பாரசீகப் பேரரசின் பழைய தலைநகரம் பெர்சிபோலிஸ். கி.மு. 330இல் அலெக்சாந்தர் காலத்தில் தீக்கிரையான அந்நகரின் கருவூலத்தை, 1930களில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தனர். பச்சைக் கல்லில் குடைந்து மெருகேற்றிய உரல்கள், குழவிகள், தட்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. பலவற்றில் அரமேய எழுத்தில் மையால் எழுதிய குறிப்புகள். கோட்டையின் பெயர் இருக்கிறது. அதிகாரியின் பெயர் இருக்கிறது. கருவூலக் காப்பாளர் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. இடையில் ஒரு வினைச்சொல் வருகிறது. இன்னார் 'செய்த' குழவி என்று சில அறிஞர் படிக்கின்றனர். இன்னார் சடங்கில் 'பயன்படுத்திய' குழவி என்று வேறு சிலர் படிக்கின்றனர். கையில் உளி பிடித்தவனைப் பற்றிய சந்தேகம் இன்றும் தீரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்திற்கு வாருங்கள். அங்கே சமண முனிவருக்கான கற்படுக்கையில், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே வெட்டிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உண்டு. காவுடி என்பவருக்கு இளையர் செய்த இருக்கை என்கிறது அது. இளையர் தாமே கல்லைச் செதுக்கினாரா, கூலி கொடுத்துச் செதுக்கச் சொன்னாரா? கல் சொல்லவில்லை. நார்த்தாமலை விசயாலய சோழீச்சரத்தைக் கட்டியவன் சாத்தன் பூதி. மழையால் இடிந்ததைப் புதுப்பித்தவன் மல்லன் விடுமன். இருவரும் தலைவர்கள். கல் சுமந்தவர் யார்?

தமிழில் 'செய்தான்' வேறு, 'செய்வித்தான்' வேறு. இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை என்று பிரித்து மதிப்பெண் வாங்குகிறோம். வரலாற்றில் மட்டும் செய்வித்தவனையே செய்தவன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயரை இராசராசன் பொறிக்கச் செய்தான். மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வகுப்புக்கு வகுப்பு என் பெயரை அழைக்கிறார்கள். என் தாத்தா வாழ்நாளெல்லாம் ஊர் ஊராக நடந்து அம்மி கொத்தியவர். எத்தனையோ வீட்டுக் குழம்பில் அவர் உளியின் உழைப்பு உண்டு. அவர் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. "அம்மிக்காரரே" என்றுதான் அழைத்தார்கள்.

"பெயர் சோறு போடுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். போடாது. ஆனால் பெயரே இல்லாதவனின் கூலியையும் காயத்தையும் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. கல்குவாரியில் கால் நசுங்கியவன் 'ஒரு தொழிலாளி' என்று முடிந்துபோவதை நம் மாவட்டத்தார் அறிவோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் ஊர்களில் எல்லாம் கல் உடைப்பவர், அம்மி கொத்துபவர், சிலை செதுக்குபவர் பெயர்களையும், அவர்கள் கருவிகளின் பெயர்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். அதை நம் நூலகத்தில் வைப்போம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டும். செலவு ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும்தான். முதல் பக்கத்தை எழுத நான் ஆயத்தமாக இருக்கிறேன்.