நேற்றைய எண்ணெய்

மாலையில் தேநீர் அருந்தச் செல்லும் கோவைவாசி, 'பேக்கரிக்குப் போகிறேன்' என்றே சொல்வார். ரொட்டிக்கும் கேக்குக்கும் உரிய அப்பெயர்ப்பலகையின் கீழ் வாழைக்காய் பஜ்ஜியும் மிளகாய் பஜ்ஜியும் வெந்துகொண்டிருக்கும். "எண்ணெய்ப் பலகாரம் உடம்புக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இரண்டு வாங்கி உண்பாரும் உளர். அவ்வறிவுரை பாதி உண்மை. மீதிப் பாதி, பழியைத் தவறான இடத்தில் சுமத்துகிறது.

பஜ்ஜியின் மேல்மாவு கடலைமாவு. அதன் நூறு கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. உள்ளிருக்கும் காயோ மெல்லிய சீவல். அதனை உண்டு, காய்கறி உண்டதாக மனநிறைவு கொள்வதற்கில்லை. மாவின் ஈரம் ஆவியாகி வெளியேற, அவ்விடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஆகவே, தேக்கரண்டி எண்ணெய் ஒன்று கூடினால் 45 கலோரி கூடும். வாரத்தில் ஒருநாள் உண்பவர்க்கு இது பெருங்கவலை அன்று. நாள்தோறும் உண்பவர்க்குக் கணக்கு வேறு.

கலோரியைவிடக் கவலைக்குரியது நேற்றைய எண்ணெய். கடலை எண்ணெயாயினும் பாமாயிலாயினும், மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது வெப்பமும் காற்றும் காயின் ஈரமும் அதனைச் சிதைக்கின்றன. நிறம் கறுக்கும்; நுரை கட்டும்; புகை விரைந்து எழும். சிதைவினால் பெருகும் முனைவுள்ள சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அவ்வெண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி, 2018 ஜூலை முதல் நாடெங்கும் நடப்பில் உள்ளது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடுவோர் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். (பஜ்ஜியை வைத்து அழுத்தும் செய்தித்தாளும் அச்சுமையின் காரணமாகத் தடுக்கப்பட்டதே, அது தனிக்கதை.)

அன்னூர், பொள்ளாச்சிப் பகுதி வாரச்சந்தைகளில் ஒற்றைச் சட்டியுடன் அமர்ந்திருப்பவரைப் பதிவேட்டு விதி தொடுவதில்லை. 25 விழுக்காட்டு வரம்பு அவருக்கும் உண்டு. அளந்து பார்க்கும் கருவிதான் அவரிடம் இல்லை. மழையால் வணிகம் குன்றிய மாலையில் மிஞ்சிய எண்ணெயைக் கொட்டினால், அன்றைய வருவாயும் அதனோடு போய்விடும். அவரை மட்டும் குற்றம் சாட்டுவது எளிது, முறையாகாது.

பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டி உயிரி டீசலாக்கும் திட்டத்தை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அதே 2018இல் தொடங்கியது. பெரிய உணவகத்தின் பீப்பாயைத் தேடி வரும் வண்டி, சந்தைக் கடைக்காரரின் இரண்டு லிட்டருக்கும் வந்து நிற்க வேண்டும். கையில் விலை கிடைத்தால், கறுத்த எண்ணெயை மறுநாள் அடுப்பேற்றும் தேவை அவருக்கு இராது.