ஈயத்துக்கு எல்லை எது?

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருந்தால் கவனிக்க வேண்டும்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1975-ல் டெசிலிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்றது. 1985-ல் 25, 1991-ல் 10, 2012-ல் 5, 2021-ல் 3.5!

ஈயமா மாறியது? அது அன்றும் கால்சியம் வேஷம் போட்டு மூளைக்குள் நுழைந்துகொண்டுதான் இருந்தது. 1979-லேயே ஹெர்பர்ட் நீடில்மேன், உதிர்ந்த பால்பற்களை ஆராய்ந்து, ஈயம் கூடிய பிள்ளைகளுக்கு ஐ.க்யூ. குறைவதைக் காட்டினார். பரிசு? 1991-ல் அவர் மேலேயே ஆய்வு மோசடிப் புகார்! மோசடி நிரூபணமாகவில்லை.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. மருந்து ரத்தத்தில் ஈயத்தைக் குறைக்கும். இழந்த அறிவுத்திறனைத் திருப்பித் தராது. அப்படியானால் முதலில் சோதிக்க வேண்டியது பெயிண்ட் டப்பாவையா, பிள்ளையின் ரத்தத்தையா? விஷம் ஏறிய பிறகு அளப்பதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல. குழந்தையையே சோதனைக் குழாய் ஆக்குவது.