பாசத்தைக் காட்டிச் சம்பளத்தை மறைக்காதீர்கள்

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கமோ அரூர்ப் பக்கமோ ஓர் அரசுப் பள்ளியில் படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இருபது, முப்பது வருடம் சத்துணவு சமைத்துப் போட்ட ஓர் ஆயாவை நினைவு வைத்திருப்பார்கள். "பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டாங்க. அவங்க சம்பளத்துக்காகவா செஞ்சாங்க, பாசத்துக்காகச் செஞ்சாங்க" என்பார்கள். ஓய்வுபெறும் நாளில் மேடையிலும் இதே பேச்சுதான். பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம். அந்தப் பேச்சில் பாசம் உண்மை. சம்பளத்துக்காக இல்லை என்பது மட்டும் பொய், அதுவும் அந்த அம்மாவின் வயிற்றில் அடிக்கிற பொய்.

1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இந்த வேலையில் முன்னுரிமை என்பது அதன் பெருமைகளில் ஒன்று. பிழைக்க வேறு வழியில்லாமல் வந்த பெண்ணைப் பார்த்து, 'நீ கூலிக்காக வரவில்லை' என்று சொல்ல நாம் யார்?

வேலையும் லேசானதில்லை. கூடத்தைப் பெருக்கி, அரிசியில் கல் பொறுக்கி, தண்ணீர் பிடித்து வந்து, அண்டாவை ஏற்றி இறக்க வேண்டும். அவித்த முட்டையைச் சூடு ஆறும்வரை வைத்திருக்க முடியாது, மணி அடித்துவிடும். சுடச்சுட உரித்து உரித்து விரல் நுனி சிவந்து தோல் வழன்றுபோகும். பிள்ளைகள் தட்டைக் கழுவி ஓடிய பிறகுதான் அடிப்பிடித்த அண்டாவைத் தேய்க்கும் வேலை தொடங்கும்.

2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. மாநிலத்திலேயே கடைசி. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன அப்பா அம்மா, பாட்டியிடம் விட்டுப்போன பிள்ளைகள் இங்கே ஏராளம். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பது வாத்தியாருக்குத் தெரியும் முன்பே ஆயாவுக்குத் தெரியும். இன்னொரு கரண்டி சாதம் அந்தத் தட்டில் விழும். பள்ளிக்கு வந்த பிள்ளை பள்ளியிலேயே நின்றதில் அந்தக் கரண்டிக்கும் பங்குண்டு.

இதற்கு நாம் கொடுத்தது என்ன? ஒன்றிய அரசின் மதிய உணவுத் திட்டத்தில் சமையலருக்கு மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2009-இல் நிர்ணயித்தார்கள், அதுவும் வருடத்தில் பத்து மாதத்துக்கு மட்டும். பின்னாளில் அதில் ஒன்றிய அரசின் பங்கு 600 ஆனது. கோடை விடுமுறையில் சமையல்காரம்மாவுக்குப் பசிக்காது போலும் என்று எண்ணித்தான் அந்த விதியை எழுதியிருக்க வேண்டும். உத்தரப் பிரதேச வழக்கொன்றில் 2020-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்த ஆயிரம் ரூபாய் வேலையைக் கட்டாய உழைப்பு என்றே தீர்ப்பளித்தது.

தமிழ்நாடு எவ்வளவோ மேல். இங்கே சிறப்பு காலமுறை ஊதியம் உண்டு. ஆனால் அந்தச் 'சிறப்பு' என்ற சொல், மற்ற அரசு ஊழியரிடமிருந்து இவர்களைப் பிரித்து வைக்கத்தான். 2024 கடைசியில் 8,997 சமையல் உதவியாளர் பணியிடங்களை நிரப்ப அரசு ஆணையிட்டபோது முதல் வருடச் சம்பளம் தொகுப்பூதியமாக மாதம் 3,000 ரூபாய். ஓய்வுபெற்றவர்களுக்கு வருடக்கணக்காகச் சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாயாகத்தான் இருந்தது. அதே காலத்தில் இதே அரசின் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகையே 7,850.

தலைமையாசிரியர் ஓய்வுபெறும்போதும் அவருடைய பாசத்தைப் புகழ்கிறோம். அதற்காக யாராவது அவருடைய ஓய்வூதியத்தில் கைவைத்தார்களா? பாசமும் முழுச் சம்பளமும் அவருக்குச் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆயாவுக்கு மட்டும் ஏன் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று?

இந்தத் 'தாய்' பட்டமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சமைக்கக் கூடாதென்று ஆதிக்கச் சாதியினர் சிலர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடமாற்றியதுதான். போராட்டம் நடந்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. புகழ்ச்சியை நம்பி ஒரு பெண் வேலை பார்க்க முடியாது. அவளைக் காக்க வேண்டியது சட்டமும் நிரந்தர வேலையும்.

வழி தெரியாத விஷயமில்லை. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடைச் சட்டத்தின்படி பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிச் சமையலறைக்கு அதே நியாயத்தை மறுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

முன்னாள் மாணவர்களே, உங்கள் ஊர் ஆயாவுக்கு விழா எடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் சிறப்பு விருந்தினராக வரும் சட்டமன்ற உறுப்பினர் கையில் பொன்னாடையைக் கொடுப்பதற்கு முன், மேடையிலேயே அவரிடம் ஒரு மனுவைக் கொடுங்கள். காலமுறை ஊதியம், பணிக்கொடை, குறைந்தபட்ச ஓய்வூதியம் என்று மூன்றையும் எழுதி, அந்த ஆயா சோறு போட்டு வளர்த்த அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.